பலத்த காற்று, புயல், இடி: ஸ்பானியச் சொற்களை எந்த வரிசையில் கற்க வேண்டும்? ஒரு முழுமையான வழிகாட்டி

‘புயல்’ என்ற சொல்லுக்கு ஸ்பானிய அகராதியைப் புரட்டினால் ஏழெட்டுச் சொற்கள் வரிசையாக வந்து நிற்கும். புதிதாகக் கற்பவர் அவற்றையெல்லாம் ஒரே பொருள் தரும் சொற்கள் என்று எண்ணி, வாய்க்கு எளிதாக வரும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு எல்லா இடத்திலும் பயன்படுத்துகிறார். வேதாரண்யத்தைச் சேர்ந்த மாணவி ஒருவர் 2018 நவம்பரில் வீசிய கஜா புயலைப் பற்றி வாய்மொழித் தேர்வில் பேசும்போது, ‘தோர்மென்த்தா’ என்ற சொல்லையே தொடக்கம் முதல் முடிவு வரை சொல்லியிருக்கிறார். தேர்வாளர் இறுதியில் கேட்ட கேள்வி: “இடி எவ்வளவு நேரம் இடித்தது?” தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்த காற்றை, அவர் ஒரு மாலை நேரத்து இடிமழையாகப் புரிந்துகொண்டிருந்தார்.

பிழை மாணவியின் நினைவாற்றலில் இல்லை. கற்ற வரிசையில் இருந்தது. ஸ்பானியம் இந்தச் சொற்களைப் ‘பெரியது, சிறியது’ என்று அளவால் மட்டும் பிரிப்பதில்லை. மின்னல் உண்டா, பனி உண்டா, கடலில் வீசுகிறதா, எத்தனை நாள் நீடிக்கிறது, எந்த ஊரில் வீசுகிறது என்ற கேள்விகளால் பிரிக்கிறது. ஆகவே இந்த வழிகாட்டியில் சொற்பட்டியலுக்கு முன் ஒலியும், பெயர்ச்சொற்களுக்கு முன் வாக்கியச் சட்டமும், ஊர்க்காற்றுகளுக்கு முன் பொதுச் சொற்களும் வருகின்றன. வரிசையை மாற்றிப் படித்தவர்கள் பெரும்பாலும் திரும்பி வந்து இங்கிருந்தே தொடங்கியிருக்கிறார்கள்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஸ்பானிய நிகழ்கால வினைமுடிபுகள் ஓரளவு பழகியிருக்க வேண்டும். ‘செய்’ என்ற பொருள் தரும் ‘அஸேர்’, ‘இருத்தல்’ என்ற பொருளில் வரும் ‘அபேர்’, நிலையைக் குறிக்கும் ‘எஸ்தார்’ ஆகிய மூன்றும் தெரிந்தால் போதும். இவை தெரியாமல் காற்றின் பெயர்களை மட்டும் கற்றால், சொல் கையில் இருந்தும் ஒரு வாக்கியம்கூட அமையாது.

அடுத்து ஒரு குறிப்பேடு. ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் அதன் ஆண்பால் அல்லது பெண்பால் முன்னொட்டுடனேயே எழுத வேண்டும்: ‘எல் பியேன்த்தோ’, ‘லா தோர்மென்த்தா’ என்று. தமிழில் அஃறிணைக்குப் பால் வேறுபாடு ஒன்றன், பலவின் என்று எண்ணிக்கையோடு நின்றுவிடுவதால், நம் காது இந்த முன்னொட்டை எளிதில் விட்டுவிடுகிறது. பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டவர் எல்லாச் சொல்லையும் இரண்டாம் முறை மனப்பாடம் செய்ய நேர்கிறது.

மூன்றாவது, ஸ்பெயினின் அரசு வானிலை நிறுவனமான ‘ஆயெமெத்’ நாள்தோறும் வெளியிடும் முன்னறிவிப்பு. அதன் வாக்கியங்கள் குறுகியவை. ஒரே சொற்கள் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு சொல்லுக்கும் வரையறுத்த பொருள் உண்டு. கதை, கவிதைகளிலிருந்து புயற்சொற்களைப் பொறுக்குபவருக்கு இந்த மூன்று வசதியும் கிடைக்காது.

2. ஒலியை முதலில் சரிசெய்யுங்கள்

இந்த வழிகாட்டியில் ஸ்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. சொல்லின் இடையில் க, த, ப தனியாக வந்தால் ‘அகம்’, ‘அது’, ‘அபயம்’ என்பவற்றில் உள்ளதுபோல் மென்மையாகவும், இரட்டித்து வந்தால் ‘பக்கம்’, ‘பத்து’, ‘அப்பா’ என்பவற்றில் உள்ளதுபோல் வன்மையாகவும் படிக்க வேண்டும். ‘ந்த’ என்பது ‘வந்த’ என்பதன் ஒலி; ‘ன்த்த’ என்பது வல்லொலி. சொல்லின் நடுவில் நெடில் வரும் அசையே அழுத்தம் பெறும் அசை; ‘தோர்மென்த்தா’ என்பதில் ‘மென்’ அழுத்தம் பெறும். சொல்லின் கடைசியில் வரும் ஓகார, ஆகார, ஏகாரங்களை இழுக்காமல் குறுகச் சொல்லுங்கள்.

தமிழருக்கு இங்கே இயல்பான வசதி ஒன்று இருக்கிறது. ஸ்பானியத் தகரம் நம் தகரமே. ஆங்கிலப் பழக்கத்தால் ‘டோர்மென்டா’ என்று நாவை மடிப்பதுதான் வம்பு. உயிரெழுத்துகளுக்கு இடையில் தகரமும் ககரமும் மெலிவதும் நம் வாயில் ஏற்கெனவே நடப்பதே.

கவனிக்க வேண்டியவை மூன்று. ஸ்பானிய எழுத்தில் ‘வி’ என்றும் ‘பி’ என்றும் இரண்டு எழுத்துகள் இருந்தாலும் ஒலி ஒன்றுதான்; ‘வியேன்த்தோ’ என்று பல்லால் உதட்டைத் தொட்டுச் சொல்லக் கூடாது, ‘பஸ்’ என்பதன் பகரத்தால் தொடங்க வேண்டும். சொல்லின் முதலில் வரும் ரகரம் உருண்டு அதிரும் என்பதால் அதை ‘ற’ என்று எழுதியிருக்கிறேன். ‘றாச்சா’ என்பதை ‘ராச்சா’ என்று மெல்லச் சொன்னால் கேட்பவருக்குச் சொல் பிடிபடாது. ‘உரக்கான்’ என்ற சொல்லின் முன்னால் ‘ஹெச்’ எழுதப்படும், ஒலிக்காது.

நான் ‘ஸ’ என்று எழுதும் சில இடங்களில் ஸ்பெயினின் பெரும்பகுதியில் நாக்கு நுனியைப் பற்களுக்கு இடையில் வைத்து ஒலிப்பார்கள். லத்தீன் அமெரிக்காவில் ‘ஸ’ ஒலிதான். இரண்டில் ஒன்றைத் தேர்ந்து அதிலேயே நில்லுங்கள்.

3. பெயர்ச்சொல்லுக்கு முன் வாக்கியச் சட்டம்

தமிழில் காற்று அடிக்கிறது, மழை பெய்கிறது, இடி இடிக்கிறது: எழுவாய் எப்போதும் உண்டு. ஸ்பானியத்தில் வானிலை வாக்கியம் பெரும்பாலும் எழுவாய் இல்லாமல் வரும். ‘ஆஸே பியேன்த்தோ’ என்றால் சொல்லுக்குச் சொல் ‘காற்று செய்கிறது’. செய்வது யார் என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. தமிழ்ப் பழக்கத்தில் ‘எல் பியேன்த்தோ ஆஸே’ என்று தொடங்குபவர், காற்று எதையோ செய்கிறது என்று சொல்லி வாக்கியத்தைப் பாதியில் விட்டவராகிறார்.

மூன்று சட்டங்களைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். உடம்பில் உணரும் காற்று, குளிர், வெயில், வெப்பம் ஆகியவற்றுக்கு ‘ஆஸே’. இடிமழை, மூடுபனி, மின்னல் போன்று ‘இருக்கிறது’ என்று சுட்டத்தக்கவற்றுக்கு ‘ஆய்’: ‘ஆய் தோர்மென்த்தா’. வானத்தின் நிலைக்கு ‘எஸ்தா’: ‘எஸ்தா நுப்லாதோ’, அதாவது மேகமூட்டமாக இருக்கிறது. காற்று முதல் இரண்டு சட்டங்களிலும் அமரும். ‘ஆஸே தோர்மென்த்தா’ என்பது மட்டும் காதில் இடறும்.

அடுத்த பிழை எல்லாரும் செய்வது. ‘மிகவும் காற்றாக இருக்கிறது’ என்று எண்ணி ‘ஆஸே முய் பியேன்த்தோ’ என்கிறார்கள். ‘முய்’ பெயரடைக்கும் வினையடைக்கும் முன்னால் வரும். காற்று பெயர்ச்சொல் என்பதால் ‘மூச்சோ’ வேண்டும்: ‘ஆஸே மூச்சோ பியேன்த்தோ’. காற்றுக்குப் பெயரடை சேர்த்த பிறகு ‘முய்’ திரும்பி வரும்: ‘பியேன்த்தோ முய் ஃபுவேர்த்தே’, மிகவும் பலத்த காற்று.

நடந்த புயலைச் சொல்லும்போது இன்னொரு குழி இருக்கிறது. ‘இருக்கிறது’ என்ற ‘ஆய்’ என்பதன் இறந்தகாலம் ‘ஊபோ’. பல புயல்கள் இருந்தாலும் அது ஒருமையிலேயே நிற்கும்: ‘ஊபோ தோர்மென்த்தாஸ்’. பன்மையாக்கி ‘உபியேரோன்’ என்பவர்கள் ஸ்பானியரிலும் உண்டு. ஆனாலும் எழுத்தில் அது பிழையாகவே திருத்தப்படும். பின்னணிக்கு ‘அஸீயா பியேன்த்தோ’ (காற்று அடித்துக்கொண்டிருந்தது), நிகழ்வுக்கு ‘ஊபோ’ என்று பிரித்துக்கொண்டால் கதை நேராக நகரும்.

ஸ்பெயினிலும் மெக்சிகோவிலும் பேச்சில் ‘ஆஸே ஆய்ரே’ என்பதும் காதில் விழும். ‘ஆய்ரே’ என்றால் மூச்சுவிடும் காற்று. அதுவே வீசும் காற்றையும் குறிக்கிறது. தமிழிலும் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் இதில் நமக்குச் சிக்கல் இல்லை.

4. வேகத்தின் படிகளை எண்களோடு கற்றல்

‘பலத்த’ என்பது பேச்சில் ஆளுக்கு ஆள் மாறும். முன்னறிவிப்பில் அது மாறாது. ஆயெமெத் நிறுவனத்தின் அளவில் மணிக்கு 5 கிலோமீட்டர் வரை ‘கால்மா’. 6 முதல் 20 வரை ‘ஃப்லோஹோ’. 21 முதல் 40 வரை ‘மொதெராதோ’. 41 முதல் 70 வரை ‘ஃபுவேர்த்தே’. 71 முதல் 120 வரை ‘முய் ஃபுவேர்த்தே’. அதற்கு மேல் ‘உரக்கனாதோ’. இந்த ஆறையும் எண்ணோடு சேர்த்தே மனத்தில் ஏற்றுங்கள். எண் இல்லாமல் கற்றால் ‘ஃபுவேர்த்தே’, ‘முய் ஃபுவேர்த்தே’ இரண்டும் மூன்றாம் நாளே கலந்துவிடும்.

‘உரக்கனாதோ’ என்ற பெயரடை ‘உரக்கான்’ என்பதிலிருந்து வந்தாலும், அது வரும் இடமெல்லாம் சூறாவளி வீசுகிறது என்று பொருளல்ல. மலையுச்சியில் ஒரு குளிர்காலக் காற்று 130 கிலோமீட்டரைத் தொட்டால் அதுவும் ‘உரக்கனாதோ’தான். சொல் வேகத்தை மட்டும் சொல்கிறது, அமைப்பைச் சொல்வதில்லை.

கடல் அறிக்கைக்கு வேறு அளவு. காற்றின் வேகத்தை எண்களால் பிரிக்கும் போஃபோர்ட் அளவின் ஸ்பானியப் பெயர்களில் ஐந்தாம் எண் ‘ஃப்ரெஸ்கீத்தோ’, ஆறாம் எண் ‘ஃப்ரேஸ்கோ’, ஏழாம் எண் ‘ஃப்ரெஸ்கச்சோன்’. அன்றாடப் பேச்சில் ‘ஃப்ரேஸ்கோ’ என்றால் இதமான குளிர்ச்சி. கப்பல் பணிக்காகப் படித்த ஒருவர் ‘பியேன்த்தோ ஃப்ரேஸ்கோ’ என்பதைத் தென்றல் என்று மொழிபெயர்த்து என்னிடம் காட்டினார். அது மணிக்கு 39 முதல் 49 கிலோமீட்டர் வரை வீசும் காற்று, சிறு படகைக் கரையிலேயே நிறுத்திவைக்கும் காற்று. அடுத்த படியான ‘ஃப்ரெஸ்கச்சோன்’ 61 வரை போகும். அறிக்கையின் தலைப்பில் கடல் என்று இருக்கிறதா, நிலம் என்று இருக்கிறதா என்பதைப் பார்த்த பிறகே பெயரடையைப் படிக்க வேண்டும்.

5. வீச்சும் சுழலும்

காற்றின் சராசரி வேகம் ஒன்று, திடீரென்று ஓங்கி அடித்து ஓயும் வீச்சு வேறொன்று. பின்னதற்கு ‘லா றாச்சா’, ‘லா றாஃபகா’ என்று இரண்டு சொற்கள். ஸ்பெயினின் அறிக்கைகளில் ‘றாச்சா’ நிலைபெற்றுவிட்டது. அமெரிக்க நாடுகளில் ‘றாஃபகா’ அதிகம் கேட்கும். இரண்டுக்கும் வானிலைக்கு வெளியேயும் வாழ்வு உண்டு: துப்பாக்கித் தோட்டாக்கள் சரமாரியாகப் பாய்வதும் ‘றாஃபகா’தான், போதாத காலம் தொடர்ந்தால் ‘மாலா றாச்சா’ என்பார்கள், நாம் ‘சனி பிடித்திருக்கிறது’ என்போமே, அந்த இடத்தில்.

‘எல் பெந்தபால்’ பலமாக அடிக்கும் காற்று. முழுப் புயலாக இன்னும் மாறாத நிலை. மரக்கிளை முறிவது, ஓடு பறப்பது, குடை திரும்பிக்கொள்வது எல்லாம் இதன் வேலை. ‘பென்த்தறோன்’ பேச்சு நடைச் சொல், ‘பேய்க்காற்று’ என்பதுபோல் மிகைப்படுத்தும். ‘பென்த்தொலேரா’ ஒரு கணம் அடித்து ஓயும். மனிதருக்குத் திடீரென்று ஏற்படும் கிறுக்குத்தனமான ஆசைக்கும் அதே பெயர்.

சுழலும் காற்றில் ‘றெமொலீனோ’ தெருப்புழுதியைச் சுழற்றும் சிறு சுழல். ‘தோர்பெயீனோ’ அதைவிடப் பெரிது. ‘தொர்னாதோ’ அழிவு தரும் சுழற்காற்று. ‘த்ரோம்பா மரீனா’ என்பது கடலிலிருந்து எழும் நீர்த்தூண். ஆனால் ‘த்ரோம்பா தே ஆகுவா’ என்றால் கொட்டித் தீர்க்கும் மழை. அதில் சுழல் எதுவும் இல்லை. பின்னால் வரும் ஒற்றைச் சொல் பொருளை முழுக்க மாற்றிவிடுவதால் இவ்விரண்டையும் தனித்தனிச் சொற்றொடர்களாகவே எழுதிவைக்க வேண்டும்.

6. ‘புயல்’ என்ற ஒரே சொல்லைப் பிரித்து எடுத்தல்

இந்தப் படிக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள். ஒவ்வொரு சொல்லையும் ஒரு கேள்வியோடு இணைத்துப் பாருங்கள்.

இடி மின்னல் உண்டா? உண்டென்றால் ‘லா தோர்மென்த்தா’. ஸ்பெயினின் வானிலை மொழியில் மின்னலும் இடியும் இல்லாமல் தோர்மென்த்தா இல்லை. கோடையில் மாலை நான்கு மணிக்கு இருண்டு, ஒரு மணி நேரம் கொட்டி, ஆறு மணிக்கு வெயில் அடிக்கிறதே, அது தோர்மென்த்தா. பொதுப்பேச்சில் இதை விரித்துப் பயன்படுத்துவார்கள். மணற்புயலுக்கு ‘தோர்மென்த்தா தே அரேனா’, பனிப்புயலுக்கு ‘தோர்மென்த்தா தே நியேபே’ என்று பின்னொட்டோடு சொல்வார்கள். பின்னொட்டு இல்லாமல் வந்தால் இடிமழை என்றே கொள்ள வேண்டும்.

நாள்கணக்கில் நீடிக்கிறதா? அப்படியென்றால் ‘எல் தெம்ப்பொரால்’. கடற்கரையில் அலை எழும்பி, மீன்பிடிப்பு நின்று, இரண்டு மூன்று நாள் ஓயாமல் காற்றும் மழையும் அடிக்கும் நிலை இது. இதே வடிவம் ‘தற்காலிகமான’ என்ற பெயரடையாகவும் வரும்: ‘கொன்த்ராத்தோ தெம்ப்பொரால்’ என்பது தற்காலிக வேலை ஒப்பந்தம். முன்னால் ‘எல்’ அல்லது ‘உன்’ இருந்தால் புயல், பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் ஒட்டி நின்றால் பெயரடை என்று முதலில் பாருங்கள். மெக்சிகோவில் ‘அக்ரிகுல்த்தூரா தே தெம்ப்பொரால்’ என்றால் மானாவாரி விவசாயம். அங்கே புயலைத் தேடினால் கிடைக்காது.

வரைபடத்தில் காற்றழுத்தத் தாழ்வு மையமாகத் தெரிகிறதா? அது ‘லா பொறாஸ்கா’. அட்லாண்டிக்கிலிருந்து குளிர்காலத்தில், ஸ்பெயினும் போர்ச்சுக்கலும் அமைந்த ஐபீரியாவை நோக்கி வரும் பெரிய அமைப்பு இது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம் உடையது. ஸ்பெயின், போர்ச்சுக்கல், பிரான்ஸ் உள்ளிட்ட நாடுகள் சேர்ந்து இவற்றுக்குப் பெயர் சூட்டுகின்றன. 2017 டிசம்பரில் வந்த ‘ஆனா’ அப்படிப் பெயர் பெற்ற முதல் பொறாஸ்கா. 2021 ஜனவரியில் மாட்ரிட்டைப் பனியில் மூழ்கடித்த ‘ஃபிலொமேனா’வும் பொறாஸ்காவே. ஆகவே ஒரு பொறாஸ்கா வருகிறது என்றால் காற்று மட்டும்தான் வரும் என்று எண்ணக் கூடாது. ஒரு பொறாஸ்காவுக்குள் பல தோர்மென்த்தாக்கள் இருக்கலாம் என்ற ஒரே வரியை நினைவில் வைத்தால் இரண்டும் குழம்பாது.

வெப்பமண்டலக் கடலில் பிறந்ததா? இங்கே எண் மறுபடியும் வேண்டும். கரீபியனிலும் மெக்சிகோவிலும் நிலையான காற்று மணிக்கு 63 முதல் 118 கிலோமீட்டர் வரை என்றால் ‘தோர்மென்த்தா த்ரொப்பிகால்’. 119 முதல் ‘எல் உரக்கான்’. இந்த முழு இனத்துக்கும் பொதுப்பெயர் ‘ஸிக்ளோன் த்ரொப்பிகால்’. நம் வானொலி ‘புயல்’ என்று அறிவிப்பது 62 கிலோமீட்டரிலேயே தொடங்கிவிடுகிறது. எனவே வங்கக்கடலில் உருவாகும் ஒவ்வொரு புயலையும் ‘உரக்கான்’ என்று மொழிபெயர்ப்பது அளவிலும் பிழை, வழக்கிலும் பிழை. இந்தியப் பெருங்கடல் புயல்களுக்கு ஸ்பானிய நாளேடுகள் ‘ஸிக்ளோன்’ என்றே எழுதுகின்றன. வேதாரண்யத்து மாணவிக்குத் தேவைப்பட்ட சொல்லும் அதுதான்.

இலக்கிய நடையா? ‘லா தெம்ப்பெஸ்தாத்’. பொருளில் கடும்புயல், ஆனால் பெரும்பாலும் எழுத்திலும் பழமொழியிலும் வாழும் சொல். ‘காற்றை விதைப்பவன் தெம்ப்பெஸ்தாத்தை அறுப்பான்’ என்ற பழமொழியில் வருவது இதுவே. முன்னறிவிப்பு நடையில் எழுதும்போது இதைப் போட்டால், ‘நாளை பெரும் சண்டமாருதம் வீசும்’ என்று வானொலி சொன்னதுபோல் இருக்கும்.

கடைசியாக ‘தானா’. இது ‘மேலடுக்கில் துண்டிக்கப்பட்ட தாழ்வழுத்தம்’ என்பதற்கான ஸ்பானியச் சொற்றொடரின் முதலெழுத்துகளால் ஆனது. மக்கள் வழக்கில் ‘கோத்தா ஃப்ரீயா’, குளிர்த்துளி. 2024 அக்டோபர் 29 அன்று வலென்சியாப் பகுதியில் 220க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட வெள்ளத்துக்குப் பிறகு இந்தச் சொல் உலகச் செய்திகளில் அடிபட்டது. அங்கே கொன்றது மழையும் வெள்ளமும். தானாவைக் காற்றின் பட்டியலில் எழுதி வைத்திருப்பவர்கள் அதை எடுத்து மழையின் பக்கத்தில் வைத்துவிடலாம்.

7. இடி, மின்னல், பனி, ஆலங்கட்டி

தமிழில் ‘இடி’ சத்தத்தையும் குறிக்கும், விழுவதையும் குறிக்கும்: இடி இடித்தது, தென்னைமரத்தில் இடி விழுந்தது. ஸ்பானியம் இதை மூன்றாக வெட்டுகிறது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் ‘எல் றெலாம்ப்பகோ’. காதுக்குக் கேட்கும் ஒலி ‘எல் த்ருவேனோ’. தரையில் அல்லது மரத்தில் பாயும் மின்சாரம் ‘எல் றாயோ’.

தமிழ் வழியில் யோசிப்பவர் ‘இடி விழுந்தது’ என்பதை ‘கயோ உன் த்ருவேனோ’ என்று அமைத்துவிடுகிறார். சத்தம் மரத்தின்மேல் விழாது. ‘கயோ உன் றாயோ’ என்பதே சரி. இந்தப் பிழையை நான் பார்க்காத மாணவர் குழு இல்லை. அதனால்தான் மூன்று சொற்களையும் ஒரே நாளில், கண், காது, மரம் என்று மூன்று படங்களோடு கற்கச் சொல்கிறேன். வினையாகும்போது ‘த்ருவேனா’ (இடி இடிக்கிறது), ‘றெலம்ப்பகேயா’ (மின்னுகிறது), ‘க்ரனீஸா’ (ஆலங்கட்டி விழுகிறது). எழுவாய் இல்லை, தனிச்சொல்லே முழு வாக்கியம்.

மழையில் ‘ச்சுபாஸ்கோ’ திடீரென்று வந்து நிற்கும் மழை, அறிக்கைகளில் மிகுதியாக வரும். ‘அகுவஸேரோ’, ‘ச்சப்பறோன்’ இரண்டும் கொட்டும் மழை. முன்னது லத்தீன் அமெரிக்காவில் அதிகம். ‘லா பென்த்தீஸ்கா’ என்பது காற்றோடு அடிக்கும் பனி. சொல்லின் முன்பகுதியைப் பார்த்து இளங்காற்று என்று ஊகிப்பவர்கள் உண்டு. மலைப்பாதையில் எதிரே இருப்பது தெரியாமல் வழிதவறச் செய்வது இது.

8. காற்று எழுவதும் தணிவதும்

பெயர்களை மட்டும் கற்றவரால் காற்று இருக்கிறது என்று சொல்ல முடியும். அது மாறுகிறது என்று சொல்ல முடியாது. அறிக்கையின் உயிர் வினையில் இருப்பதால் ஐந்து வினைகள் போதும்: ‘சொப்லார்’ வீசுதல், ‘லெபன்த்தார்ஸே’ கிளம்புதல், ‘அறெஸியார்’ வலுத்தல், ‘அமய்னார்’ தணிதல், ‘றொலார்’ திசை மாறுதல். இறுதியானது கடலோடிகளின் சொல். ஆனாலும் அறிக்கைகளில் தாராளமாக வரும். இங்கே எழுவாய் உண்டு என்பதைக் கவனியுங்கள்: ‘எல் பியேன்த்தோ அமாய்னா’, காற்று தணிகிறது. மூன்றாம் படியில் கற்ற எழுவாயற்ற சட்டத்தை இங்கேயும் நீட்டிவிடக் கூடாது.

9. திசையும் ஊர்க்காற்றுகளும்

‘பியேன்த்தோ தெல் நோர்த்தே’ என்றால் வடக்கிலிருந்து வருவது. நம் வாடை வடக்கிலிருந்தும் கொண்டல் கிழக்கிலிருந்தும் வருவதுபோலத்தான். பெயர் பிறப்பிடத்தைச் சொல்கிறது. போகும் திசைக்கு ‘ஆஸியா’ என்ற சொல் தனியாக வரும்.

ஸ்பெயினில் முதலில் கற்க வேண்டிய இணை ‘லெபான்த்தே’, ‘போனியேன்த்தே’. முன்னது ஞாயிறு எழும் திசையிலிருந்து, பின்னது மறையும் திசையிலிருந்து. திசையோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள், குணம் ஊருக்கு ஊர் மாறும். தென்மேற்கிலுள்ள காதிஸ் கடற்கரையில் லெபான்த்தே வறண்டு எரிச்சலூட்டுவது, போனியேன்த்தே கடலின் ஈரத்தோடு இதமாக வருவது. கிழக்குக் கரையிலுள்ள வலென்சியாவில் தலைகீழ்: அங்கே லெபான்த்தே கடலிலிருந்து ஈரத்தைக் கொண்டுவரும், நிலத்தைக் கடந்து வரும் போனியேன்த்தே அனலாக அடிக்கும். ‘போனியேன்த்தே குளிர்ந்த காற்று’ என்று குறிப்பேட்டில் ஒற்றை வரியாக எழுதியவர் பாதி நாட்டுக்குத் தவறாக எழுதியிருக்கிறார்.

எப்ரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் வடமேற்கிலிருந்து வரும் குளிர்ந்த, வறண்ட காற்று ‘ஸியேர்ஸோ’. சரகோசா நகரம் இதன் நடுவே இருக்கிறது. கத்தலோனியாவின் வடகோடியிலும் மெனோர்க்காவிலும் ‘த்ரமொன்த்தானா’. ஸ்பெயினின் வடகரையான கந்தாப்ரியக் கடற்கரையில் ‘கலேர்னா’: தெற்கிலிருந்து வெதுவெதுப்பாக வீசிக்கொண்டிருந்த காற்று சட்டென்று மேற்குக்கோ வடமேற்குக்கோ திரும்பி, வெப்பநிலை விறுவிறுவென்று இறங்கி, அமைதியாக இருந்த கடல் கொந்தளிக்கும். முன்னறிகுறி குறைவு என்பதால் மீனவர்கள் இதற்கு அஞ்சுவார்கள். இந்தச் சொல்லை வேறு ஊரின் பலத்த காற்றுக்குப் பொருத்தக் கூடாது.

லத்தீன் அமெரிக்காவில், அர்ஜென்டினாவிலும் உருகுவேயிலும் தென்மேற்கிலிருந்து குளிரோடு வருவது ‘பம்ப்பேரோ’. தென்கிழக்கிலிருந்து நீண்டு வீசி, ரியோ தே லா பிளாத்தா கழிமுகத்தின் நீரைக் கரைமேல் ஏற்றி வெள்ளமாக்குவது ‘சுதெஸ்தாதா’. ஆண்டிஸிலிருந்து சான் ஹுவான், மெந்தோசா பக்கம் இறங்கும் வறண்ட அனல் ‘ஸோந்தா’. மெக்சிகோ வளைகுடாக் கரையில் குளிர்காலத்தில் ‘உன் நோர்த்தே’ என்பார்கள். ‘எல் நோர்த்தே’ திசை, ‘உன் நோர்த்தே’ காற்று என்று முன்னொட்டைப் பார்த்துப் பிரியுங்கள்.

10. எச்சரிக்கைச் சொற்களும் நிறங்களும்

இந்தப் பகுதியில் ஒரு சொல் தவறினால் மதிப்பெண் மட்டும் போவதில்லை. ஸ்பெயினில் வானிலை நிறுவனம் தருவது ‘அபீசோ’. நிறங்கள் ‘அமரீயோ’ (மஞ்சள்), ‘நரான்ஹா’ (செம்மஞ்சள்), ‘றோஹோ’ (சிவப்பு). அங்கே பச்சை என்றால் ஆபத்தில்லை. மெக்சிகோவின் வெப்பமண்டலப் புயல் எச்சரிக்கை முறையிலோ ஐந்து நிறங்கள்: நீலம், பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு. அங்கே ‘அலேர்த்தா பேர்தே’, பச்சை எச்சரிக்கை, உண்மையான எச்சரிக்கையே. குறைந்த ஆபத்தைச் சொல்கிறது. ஸ்பெயினில் பழகிய கண் அதை ‘பயமில்லை’ என்று படித்துவிடும்.

கரீபியன் அறிக்கைகளில் ‘பிஹிலான்ஸியா’, ‘அபீசோ’ என்ற இரண்டும் வரும். முதலாவது புயல்நிலை ஏற்படக்கூடும் என்பது. இரண்டாவது ஏற்படும் என்று எதிர்பார்ப்பது. கேட்க முதலாவது கடுமையாகத் தோன்றினாலும், இரண்டாவதே உயர்ந்த படி.

கடல் பற்றியும் ஒன்று. ஸ்பெயினில் ‘மரெஹாதா’ என்றால் ஒன்றேகால் மீட்டர் முதல் இரண்டரை மீட்டர் வரை அலை உள்ள கடல், அன்றாடச் செய்தி. ‘மரெஹாதா ஸிக்ளோனிகா’ என்றால் புயலால் கடல்நீர் ஊருக்குள் ஏறுவது. பின்னொட்டை விட்டுவிட்டு மொழிபெயர்த்தால், ஊரைக் காலிசெய்ய வேண்டிய செய்தி அலை கொஞ்சம் அதிகம் என்ற செய்தியாகிவிடும்.

11. ஓர் அறிக்கையைப் பிரித்துப் படித்தல்

பயிற்சிக்காக, முன்னறிவிப்பு நடையில் நான் அமைத்த மூன்று வாக்கியங்கள்:

“பியேன்த்தோ தெல் நொரொயேஸ்தே, மொதெராதோ ஆ ஃபுவேர்த்தே, கொன் றாச்சாஸ் முய் ஃபுவேர்த்தேஸ் என் எல் பாயே தெல் ஏப்ரோ. அறெஸியரா போர் லா தார்தே இ அமய்னரா தே மத்ருகாதா. ச்சுபாஸ்கோஸ் கொன் தோர்மென்த்தா என் எல் கன்த்தாப்ரிகோ.”

முதலில் திசை: வடமேற்கிலிருந்து. பிறகு வேகம்: 21இல் தொடங்கி 70 வரை. அடுத்து வீச்சு: இடையிடையே 71க்கு மேல். பிறகு இடம், அதன் பின் நேரம். ‘தார்தே’ நண்பகலுக்குப் பின் தொடங்கி நம் மாலையையும் உள்ளடக்குவது. ‘மத்ருகாதா’ நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடைப்பட்டது. ‘இரவு தணியும்’ என்று மொழிபெயர்த்தால் சில மணி நேரம் பிசகும். இறுதி வாக்கியத்தில் தோர்மென்த்தா இருப்பதால் வடகரை மழையில் இடி மின்னல் உண்டு. எப்ரோ பக்கம் அந்தச் சொல் இல்லை, அங்கே வெறும் காற்று. இந்த வரிசையிலேயே நாள்தோறும் ஓர் உண்மை அறிக்கையைப் பிரித்து, ஆறு கட்டங்களில் தமிழில் எழுதுங்கள். அகராதியை இறுதியில் மட்டும் திறக்க வேண்டும்.

பதினைந்து நாள் ஆனபின் திசையை மாற்றுங்கள். அறிக்கையை மூடிவைத்து, அதே செய்தியை அந்த ஊர்க்காரர் தெருவில் எப்படிச் சொல்வார் என்று எழுதிப் பாருங்கள். மேலே உள்ள முதல் வாக்கியத்தைப் பார்த்துவிட்டு, சரகோசாக்காரர் திசையையும் வேகத்தையும் வீச்சையும் தனித்தனியே சொல்லிக்கொண்டிருக்க மாட்டார். சட்டைக் காலரைத் தூக்கிவிட்டபடி ‘ஆஸே ஸியேர்ஸோ’ என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுவார்.